ஐந்தாம் வருஷக்காரி

அக்டோபரில் பயிற்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே மைகா பெல்லமி, கொரின் டால்மேஜைத் தாண்டிப் போனாள். கூடைப்பந்தில் ஒருத்தி இன்னொருத்தியைத் தாண்டிப் போவது ஒரு செய்தியே இல்லை. ஆனால் அன்று கொரின் சறுக்கவில்லை, ஏமாறவுமில்லை. மைகா வலது பக்கம்தான் போவாள் என்று சரியாகக் கணித்து, முன்கூட்டியே வலது பக்கம் நகர்ந்து நின்றாள். மைகாவும் வலது பக்கம்தான் போனாள். கொரினின் தோளுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையுமளவு இடம் இல்லை. அதற்குள் புகுந்து போய், பந்தை வளையத்துக்குள் அலுங்காமல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“இடிச்சுட்டேனா?” என்று கேட்டாள்.

“சேச்சே, இல்ல. நல்லாப் போன,” என்று சிரித்தாள் கொரின்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். நாலு வருஷமாக அவளோடு ஒரே வீட்டில் குடியிருப்பவள் நான். பல் பிடுங்கப் போகும்போது டாக்டரைப் பார்த்து அவள் அப்படித்தான் சிரிப்பாள்.

என் பெயர் இங்க்ரிட். அயோவா மாநிலத்து டன்மோர் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் உயரம் என்ற ஒரே தகுதியால் இடம் பிடித்தவள். ஆட்ட நேரத்தில் பெரும்பகுதி பெஞ்சில்தான் கழிந்தது. பெஞ்சில் இருக்கிறவளுக்கு ஆட்டத்தைவிட முகங்கள் நன்றாகத் தெரியும்.

கொரின்தான் எங்கள் பாயிண்ட் கார்டு. பந்தை மேலே கொண்டுவருவது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று கத்துவது, ஆட்டம் கெட்டுப்போகும்போது அதை நிறுத்திச் சரிசெய்வது எல்லாம் அவள் பொறுப்பு. முதலாண்டிலிருந்தே ஆடுகிறாள். நடுவில் முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு வருஷம் வீணானதால், அதற்கு ஈடாக ஐந்தாவது வருஷம் கிடைத்தது. இருபத்து மூன்று வயதில் அணியில் எல்லாரும் அவளைக் ‘கிழவி’ என்றார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. எந்த நடுவர் எதற்கு ஊதுவார், எந்த அரங்கின் தரையில் எந்தப் பலகை பந்தைச் சரியாக எழுப்பாது, எதிரணியில் யாருக்குக் கோபம் சீக்கிரம் வரும் எல்லாம் அவள் விரல்நுனியில் இருந்தது.

மைகாவுக்கு இது எதுவும் தெரியாது. வாட்டர்லூ ஊரிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பெண். பயிற்சிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் காலணிக் கயிற்றைக் கட்டாமல் ஓடி வருவாள். எதிரணி வீடியோ போட்டால் பின்வரிசையில் தூங்கிவிடுவாள். கோச் எழுப்பி, “இப்ப என்ன பண்ணுவ?” என்று கேட்டால், கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்து, “அவ இடது கால் பின்னாடி இருக்கு. அந்தப் பக்கம் போயிடுவேன்,” என்பாள். அதுதான் சரியான விடையாக இருக்கும். கொரின் அதற்கு நாலு வீடியோ பார்த்துக் குறிப்பு எடுத்திருப்பாள்.

“அவளுக்கு யார்டி சொல்லிக் குடுத்தா?” என்று ஒரு நாள் வீட்டில் பாத்திரம் கழுவும்போது கேட்டாள்.

“யாரும் சொல்லலை போல. தானா வருது.”

“தானா வருதாம்.” தட்டைச் சத்தமாக வைத்தாள். “எனக்கு மட்டும் ஏன் எதுவும் தானா வரலை?”

டன்மோர் மாதிரியான அயோவா ஊரில் குளிர்காலத்துக்கு வேறு பேச்சு கிடையாது. சோளம் அறுத்தாயிற்று, பனி விழுந்தாயிற்று, இனி மார்ச் வரைக்கும் பெண்கள் அணிதான். மேபலின் உணவகத்தில் ஜன்னலோர மேஜையில் விதை வியாபாரம் பார்த்து ஓய்ந்த ஆர்வில், முடிவெட்டும் லெஸ்டர் இருவரும் தினமும் காலையில் உட்கார்ந்து அணியை நடத்துவார்கள். நானும் கொரினும் முட்டை சாப்பிடப் போனால் எங்களைப் பார்க்காத மாதிரி, எங்களுக்குக் கேட்கிற மாதிரி பேசுவார்கள்.

“யோவ், அந்தச் சின்னப் பொண்ணை முதல்லயே எறக்கணும்யா. எதுக்குப் பெஞ்சுல உக்கார வெச்சுருக்காங்க?” என்றார் லெஸ்டர்.

“போய்யா. பதினெட்டு வயசுக்கு என்ன தெரியும்? வெளியூர்ல போய் பத்தாயிரம் பேர் கத்தினா ஒண்ணுக்குப் போயிடும். அதுக்குக் கொரின் மாதிரி அடிபட்டு எழுந்தவ வேணும்.”

“அடிபட்டவதான். அந்த முழங்காலை நீ பாத்தியா? போன வாரம் திரும்பறதுக்குள்ள எதிராளி வீட்டுக்குப் போய்ட்டு வந்துட்டா.”

கொரின் முட்டையைக் கத்தியால் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றையும் சாப்பிடவில்லை. முன்பெல்லாம் அவள் போனால் மேபல் கேட்காமலே இலவங்கப்பட்டை ரோலை வைத்துவிட்டு, “நம்ம பொண்ணு,” என்பாள். அன்று ரோலும் வந்தது, கூடவே கேள்வியும் வந்தது: “அந்த மைகா எப்படிம்மா, நல்ல பொண்ணா?”

“ரொம்ப நல்ல பொண்ணு,” என்றாள் கொரின்.

அது உண்மை. அதுதான் அவளுக்குப் பெரிய தொந்தரவு. மைகாவுக்குத் திமிர் இருந்திருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். அவளோ எல்லாருடைய தண்ணீர்ப் புட்டியையும் நிரப்பி வைப்பாள். தோற்றால் கழிவறையில் போய் அழுவாள். அவளை வெறுக்கக் கொரின் தினமும் உழைக்க வேண்டியிருந்தது.

ஜனவரியில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றோம். மூன்றாவது தோல்விக்கு மறுநாள் கோச் ஸ்டென், கொரினைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மார்வா ஸ்டென் வளைத்துப் பேசத் தெரியாத பெண்பிள்ளை. அங்கே நடந்ததைக் கொரின் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், வார்த்தைக்கு வார்த்தை எனக்குச் சொன்னாள்.

“சனிக்கிழமையிலேருந்து மைகா முதல்ல ஆடுவா.”

“ஏன் கோச்? நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

“ஒண்ணும் பண்ணலை. நீ எதையும் தப்பாப் பண்றதே இல்லை. ஆனா நீ சரியாப் பண்றதுக்குள்ள நேரம் போயிடுது.”

“அஞ்சு வருஷம் கோச். அதுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?”

“இருக்கு. அதனாலதான் உன்னைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன். அவ தடுமாறும்போது நீ போகணும்.”

இதைச் சொல்லிவிட்டுக் கொரின் என்னைப் பார்த்தாள். “புரியுதா இங்க்ரிட்? இனிமே அவ தடுமாறினாத்தான் எனக்கு ஆட்டம்.”

அந்த வாக்கியம் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

மைகா தடுமாறவில்லை. அடுத்தடுத்து ஜெயித்தோம். சின்னப் பெண்கள் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். சட்டையில் கொரினின் எண்ணைப் போட்டிருந்த ஒரு குட்டி, அவளைத் தாண்டி ஓடிப்போய் மைகாவிடம் பேனாவை நீட்டினாள். அதைக்கூடக் கொரின் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது அவள் அப்பா விஷயத்தில்தான்.

டால்மேஜ், பக்கத்து ஊரான ஆஸ்லிங்கில் பனி அகற்றும் வண்டி ஓட்டுகிறார். விடியவிடியச் சாலைப் பனியைத் தள்ளிவிட்டு, தூங்காமல் நேரே அரங்குக்கு வந்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து மகளுக்காகக் கத்துவார். பிப்ரவரித் தொடக்கத்தில் ஓர் ஆட்டம் முடிந்ததும் கீழே இறங்கி வந்தார். கொரின் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தாள். அவர் அவள் கையில் தன் போனைக் கொடுத்தார்.

“கொரின், அந்தப் பொண்ணோட என்னை ஒரு போட்டோ எடும்மா. வேலையில பசங்க கேட்டாங்க.”

கொரின் எடுத்தாள். இரண்டு முறை எடுத்தாள், முதல் தடவை அவர் கண்ணை மூடிவிட்டதால். மைகா அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, “அங்கிள், உங்க குரல் எனக்கு நல்லாக் கேக்குது,” என்றாள். அவர் பூரித்துப் போய், “என்னமா ஆடறா பாத்தியா!” என்று மகளிடமே சொன்னார். அவருக்குக் கள்ளம் கபடமில்லை. அன்று வீட்டுக்கு வந்து கொரின் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

பொறாமைப்படுகிறவள் மாதிரி ஒருத்தியைக் கவனிக்கிறவர்கள் கிடையாது. காதலிக்கிறவன்கூட நடுவில் கண்ணை எடுப்பான். கொரின் எடுக்கவில்லை. மைகா சாப்பிடுவது, நடப்பது, ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ போடுமுன் மூச்சு விடுவது எல்லாம் அவளுக்குத் தெரியும். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான், கோச்சும் உதவிக் கோச்சுகளும் கண்டுபிடிக்காத ஒன்றைக் கண்டுபிடித்தாள். வலது பக்கம் பாயப் போகிறாள் என்றால், மைகா அதற்கு ஒரு கணம் முன்னால் இடது கையால் கால்சட்டை ஓரத்தைத் தொடுவாள். வியர்வையைத் துடைக்கிற மாதிரி இருக்கும். இடது பக்கம் போவதென்றால் தொடமாட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மைகாவிடம் சொல்லியிருக்கலாம், ஒரே அணி. கோச்சிடம் சொல்லியிருக்கலாம். தெரிந்திருந்தும் அவளாலேயே பயிற்சியில் மைகாவைத் தடுக்க முடியவில்லை, அவள் கால் அந்த வேகத்துக்கு வராது. ஆகவே அது தனக்கும் பயன்படாமல், பிறருக்கும் கொடுக்காமல், சட்டைப்பைக் கல் மாதிரி அவளிடம் கிடந்தது.

ரெனாட்டா கோஸ் போன் செய்தது கார்வெல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால். ரெனாட்டா எங்களோடு இரண்டு வருஷம் ஆடிவிட்டு, இங்கே போதவில்லை என்று கார்வெல் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போனவள். இந்த வட்டாரத்தில் அவளைவிட நன்றாகத் தடுக்கிறவள் இல்லை. கொரினுக்குப் பழைய தோழி. அந்தப் பேச்சில் நான் இல்லை. கொரின் பிறகு சொன்னபடி எழுதுகிறேன்.

“என்ன கிழவி, உன்னைப் பெஞ்சுல போட்டுட்டாங்களாமே?”

“வயசாச்சுல்ல.”

“அந்தப் பாப்பா அவ்வளவு பெரிய ஆளா? நான் வீடியோ பாத்தேன். பிடிக்கவே முடியாது போலருக்கு.”

இந்த இடத்தில் கொரின், ‘ஆமாம், முடியாது’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றியிருந்தால் போதும். ஆனால் ஊரில் ஒவ்வொருவரும் அவளிடம் சொன்ன வார்த்தையைத்தான் ரெனாட்டாவும் சொல்லியிருந்தாள்.

“பிடிக்கலாம். அவ கையைப் பாரு. இடது கை கால்சட்டையைத் தொட்டா வலது பக்கம் போவா. எப்பவும்.”

“ஏய். இதை ஏன் எனக்குச் சொல்ற?” என்றாள் ரெனாட்டா.

“சும்மா. பேச்சுவாக்குல வந்துருச்சு.”

கார்வெல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர்களுடைய அரங்கில். மைகா முதல் முறை பந்தைக் கொண்டுபோனாள். கை கால்சட்டையைத் தொட்டது. ரெனாட்டா முன்னாலேயே போய் நின்றாள். மைகா அவள் மார்பில் மோதி விழுந்தாள், மைகா மீதே ஃபவுல். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது முறை ரெனாட்டா பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடிப்போய்ப் போட்டாள். மைகாவின் முகத்தில் நான் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். அதுவரை தான் எப்படி ஆடுகிறோம் என்று யோசித்துப் பழக்கமில்லாதவள், அப்போது யோசிக்க ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் கைகால் கட்டிக்கொண்டது. ஒரு சாதாரணப் பாஸ்கூட வெளியே போனது.

என் பக்கத்தில் கொரின் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கன்னம் சிவந்து, கண் பளபளவென்றிருந்தது. நல்ல பசியில் சாப்பாட்டு வாசனை பிடித்தவள் மாதிரி.

“டால்மேஜ்!” என்று கூப்பிட்டாள் கோச்.

கொரின் போனாள். பந்தை மெதுவாகக் கொண்டுவந்தாள். கத்தினாள், கையைக் காட்டினாள், ஆட்களை இடம் மாற்றினாள். பன்னிரண்டு புள்ளி பின்னால் கிடந்தவர்களை ஒவ்வொரு கல்லாக அடுக்குகிற மாதிரி மேலே கொண்டுவந்தாள். எந்த நடுவர் சட்டென்று ஊதுவார் என்று தெரிந்து அவர் கண்முன்னே போய் ரெனாட்டாவை இடிக்கவிட்டு, ஃப்ரீ த்ரோவாக வாங்கினாள். நாலு புள்ளியில் ஜெயித்தோம். மேலே நம்மூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த மூலையில் அவள் அப்பா, “அதான் என் பொண்ணு!” என்று தொண்டை கிழியக் கத்தினார். பெஞ்சின் கோடியில் மைகா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

வீடு திரும்பும் பேருந்தில் கொரினுக்கு நேர் முன் இருக்கை என்னுடையது. வெளியே பனி வயல்மேல் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மைகா பின்னாலிருந்து வந்து கொரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

“ரெனாட்டா என்கிட்ட ஒண்ணு சொன்னா,” என்றாள் மைகா. “நான் ரெண்டாவது தடவை விழுந்தப்ப, கை குடுத்துத் தூக்கிவிட்டுச் சொன்னா. ‘கைய மாத்து பாப்பா. உங்க கிழவி எல்லாத்தையும் சொல்லிட்டா.’”

கொரின் இருக்கையில் நகர்கிற சத்தம் கேட்டது.

“பொய்யா?”

“இல்ல.”

“எனக்குப் புரியலை,” என்றாள் மைகா. குரல் உடைந்திருந்தது, ஆனால் அழவில்லை. “உன்கிட்ட இல்லாதது என்கிட்ட என்ன இருக்குன்னு இப்படிப் பண்ணின? பந்து என் கையில இருக்கும்போதுகூட எல்லாரும் உன்னைத்தான் பாக்கறாங்க. டைம் அவுட்ல கோச் பேசி முடிச்சதும் ஒவ்வொருத்தியும் உன் பக்கம் திரும்புவா, நீ தலையாட்டினாத்தான் நம்புவா. நான் முப்பது புள்ளி போட்டாலும் ஒருத்தி என் பக்கம் திரும்ப மாட்டா. நான் தினமும் அதைப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சுட்டிருக்கேன். ஆனா உன் காலை வாரணும்னு எனக்குத் தோணலை.”

“கோச்கிட்ட சொல்லிடு,” என்றாள் கொரின்.

“சொல்ல மாட்டேன். சொன்னா உன்னை அனுப்பிடுவாங்க. நீ இல்லாம நம்மால மார்ச் போட்டியில ஜெயிக்க முடியாது. எனக்கு ஜெயிக்கணும்.” எழுந்தாள். “ஆட்டத்துல பேசுவேன். வெளிய என்கிட்ட பேசாத.”

அன்று வீட்டில் கொரின் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினாள். “ஏன்டி இப்படிப் பண்ணின?” என்று கேட்டேன். “தெரிஞ்சா பண்ணுவேன்?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “தெரியும்,” என்று தானே திருத்திக்கொண்டாள். “அவளும் என்னை மாதிரி ஒரு தடவை கீழ விழணும்னு இருந்துச்சு. விழுந்தா. நல்லா இருந்துச்சு இங்க்ரிட். அதுதான் அசிங்கம். ரொம்ப நல்லா இருந்துச்சு.”

அடுத்த வாரம் பயிற்சியில் மைகா அந்தப் பழக்கத்தை விட்டிருந்தாள். இருந்த சுவடே இல்லை. கொரின் பந்து போடும்போது முழங்கை வெளியே போவதைச் சரிசெய்ய ஐந்து வருஷமாக முயல்கிறாள், இன்னும் போகிறது. மைகா ஒரே வாரத்தில் உடம்பிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டாள். கொரின் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் செய்த கெடுதல்கூட மைகாவுக்கு லாபமாகத்தான் முடிகிறது என்று அவள் நினைத்திருப்பாள். நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கோச், இருவரையும் ஒன்றாக இறக்க ஆரம்பித்தாள். ஆடுகளத்துக்கு வெளியே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. உள்ளே போனால் ஒரே உடம்பின் இரண்டு கை மாதிரி ஆடினார்கள். எதிரணி என்ன செய்யும் என்று கொரினுக்குத் தெரியும். அது தெரியாமலே மைகாவால் அதை முறியடிக்க முடியும். ஆர்விலும் லெஸ்டரும் அந்த ஒரு மாதம் சண்டை போட விஷயமில்லாமல் வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

மார்ச்சில் டெ மொய்ன் நகரத்துப் பெரிய அரங்கில் வட்டார இறுதி ஆட்டம். எதிரே மறுபடி கார்வெல். ஜெயித்தவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள், தோற்றவர்களுக்கு அந்த வருஷம் அத்தோடு முடிந்தது. கொரினுக்கு வருஷம் மட்டுமல்ல, எல்லாமே.

கடைசியில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். கடிகாரத்தில் சில நொடிதான் பாக்கி. டைம் அவுட்டில் கோச் பலகையில் கோடு போட்டாள்.

“எல்லாரும் மைகாவைத்தான் பாப்பாங்க. அதனால கொரின், நீ உள்ள போ. நீயே போடப் போற மாதிரி போ. ரெனாட்டா மைகாவை விட்டு ஒரு அடி உன் பக்கம் வந்தாப் போதும். பந்தை மூலைக்குத் தள்ளிடு. மைகா, பந்து வந்ததும் போடு. யோசிக்காத.”

எல்லாரும் கொரின் பக்கம் திரும்பினார்கள். கொரின் தலையாட்டினாள்.

கோச் சொன்னபடியே நடந்தது. கொரின் உள்ளே பாய்ந்தாள். ரெனாட்டா ஒரு கணம் தயங்கி, பிறகு கொரினைத் தடுக்க ஓடி வந்தாள். வலது மூலையில் மைகா தன்னந்தனியாக, இரண்டு கையையும் ஏந்தி நின்றாள். கொரினின் கண் அந்த மூலைக்குப் போனதை நான் பார்த்தேன். பெஞ்சில் இருந்த எல்லாரும் பார்த்தோம். கண் போனது, பந்து போகவில்லை. எம்பி, ரெனாட்டாவின் கைக்கு மேலாகத் தானே போட்டாள்.

பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டு, மேலே எழும்பி, வெளியே விழுந்தது. மணி ஒலித்தது.

ஆட்டத்துக்குப் பிறகு நிருபர்கள் முன்னால் கோச், கொரின், மைகா மூவரையும் நீள மேஜையில் உட்கார வைத்தார்கள். நாங்கள் சுவரோரம் நின்றோம். ஒரு நிருபர் நேரே கேட்டுவிட்டார்: “மைகா, கடைசியில மூலையில நீங்க தனியா நின்ன மாதிரித் தெரிஞ்சுதே? பந்து வந்திருக்கணும் இல்லையா?”

கொரின் மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோச் வாயைத் திறக்குமுன் மைகா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இல்லீங்க. எனக்குப் பக்கத்துல ஆள் வந்துட்டாங்க. கொரின் எடுத்ததுதான் சரி. அவ இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.”

வீடியோவைப் பார்த்த யாருக்கும் அது பொய் என்று தெரியும். ஆனால் அவளே சொன்ன பிறகு மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. கோச் மைகாவை நீண்ட நேரம் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குத் திரும்பினாள்.

வெளியே தாழ்வாரத்தில் கொரின் அவளை நிறுத்தினாள். அந்தப் பேருந்துக்குப் பிறகு ஆட்டத்துக்கு வெளியே மைகாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

“நான் உன்னைப் பாத்தேன்.”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்ன?”

மைகா தோளில் தொங்கிய பையைச் சரிசெய்துகொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “வேற என்ன சொல்லச் சொல்ற? உனக்கு இதுதான் கடைசி. எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு.”

அவள் குத்திக்காட்டச் சொன்னாளா, இரக்கத்தில் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொரின் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“குடுத்திருக்கலாம்ல?” என்றேன்.

“குடுத்தா போட்டிருப்பா. நிச்சயமாப் போட்டிருப்பா. அதனாலதான் குடுக்கலை.” முகத்தைச் சட்டையால் துடைத்தாள். “பாத்தியா, இதுலயும் என்னை ஜெயிச்சுட்டா. ஆட்டத்துல ஜெயிச்சாப் பரவால்ல. என்னைவிட நல்லவளாவும் இருக்கா. அதை நான் எங்க போய்க் கத்துக்கறது? எத்தனை வருஷம் ஆடினா அது வரும்?”

திங்கட்கிழமை மேபலின் கடையில் ஆர்வில் மேஜையைத் தட்டிப் பேசினார். “அனுபவம்னா அதுதான்யா. அந்த நேரத்துல சின்னப் பொண்ணு தலைமேல பாரத்தைப் போடாம, தானே எடுத்துக்கிட்டா பாத்தியா?” லெஸ்டர், “உள்ள விழலையே,” என்றார். “விழலைன்னா என்ன? மனசு வேணும்ல?” கொரின் அதைக் கேட்டுக்கொண்டே பணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அதன் பிறகு பட்டம் வாங்கும்வரை அந்தக் கடைக்கு அவள் போகவில்லை.

இப்போது ஆஸ்லிங் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். கூடைப்பந்து அணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டாள். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் டன்மோர் ஆட்டம். மைகாவுக்கு மூன்றாம் வருஷம். இப்போது அவள்தான் கத்துகிறாள், அவள்தான் ஆட்களை இடம் மாற்றுகிறாள்.

கொரின் கரண்டியோடு வந்து நின்று, “இப்ப எதுக்கு அவசரப்படறா? நிறுத்தணும். நடுவர் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல,” என்றாள். பிறகு, “ஆ, அவளே கவனிச்சுட்டா,” என்றாள். பிறகு ஒரு பாஸ் போனது. இரண்டு பேருக்கு நடுவே, யாரும் கனவிலும் நினைக்காத இடத்துக்கு. கொரின் கெட்ட வார்த்தை ஒன்றை மெதுவாகச் சொன்னாள்.

“இன்னும் பொறாமையாவா இருக்கு?” என்று கேட்டேன்.

“பின்ன?” என்றாள். “கொஞ்சம் தள்ளி உக்காருடி, மறைக்குது.”